சர்பத் குடித்துக்கொண்டே வந்த கப்பல்

முதலில் ஒரு சர்பத் போட்டுவிடுவோம். வெயில் கொளுத்துகிறது. சரித்திரம் எங்கேயும் ஓடிவிடாது!

தோல் மெலிசாக, நல்ல மஞ்சளாக, கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருக்கிற எலுமிச்சம்பழம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நாலு உருட்டு உருட்டுங்கள். உள்ளே சாறு இளகிக்கொடுக்கும். குறுக்கே இரண்டாக நறுக்கி, விரலிடுக்கில் விதையைத் தடுத்துப் பிழியுங்கள். ரொம்பவும் கசக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும், ஜாக்கிரதை. இன்னொரு பக்கம் சர்க்கரையில் தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சி, இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறின பிறகுதான் சாற்றைச் சேர்க்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு. நன்னாரி இருந்தால் ஒரு ஸ்பூன். ஊறவைத்த சப்ஜா விதை இருந்தால் இன்னும் விசேஷம். பானைத் தண்ணீரை ஊற்றி, டம்ளருக்கு டம்ளர் நாலு ஆற்று... ஆச்சு!

உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அம்மாவோ பாட்டியோ, கூடவே மூன்று கட்டளைகளையும் போட்டிருப்பார்கள். ஒன்று, சாற்றை அடுப்பில் ஏற்றாதே, கசந்துபோகும். இரண்டு, ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றிவைக்காதே, களிம்பு ஏறும். மூன்று, பிழிந்ததை ரொம்ப நேரம் வைத்திருக்காதே, உடனே குடி.

சாதாரணச் சமையலறை சமாசாரம்தான். ஆனால், ஏழு கடலையும் ஆண்ட பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த மூன்று கட்டளைகளும் முழுசாகப் புரிந்து முடிய 171 வருடங்கள் ஆயின. புரியாமல் போனதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் உயிரையும் உடம்பையும் விலையாகக் கொடுத்தார்கள். கடைசித் தவணையைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? நம்மவர்கள்!

டம்ளரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குப் போவோம்.

*

'சர்பத்' என்பதன் வேர் அரபியில் இருக்கிறது. 'குடிப்பது' என்று பொருள் தருகிற சொல்லிலிருந்து பிறந்தது. இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'சிரப்' கூட அதே வேரில் முளைத்த இன்னொரு கிளைதான். எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகமோ நம்ம பக்கம். இமயமலையின் கிழக்கு அடிவாரத்தையொட்டிய பிரதேசத்தைத்தான் அந்தக் குடும்பத்தின் தாய்வீடு என்கிறார்கள் தாவரவியல் ஆராய்ச்சியாளர்கள். அங்கிருந்து மேற்கே போன பழங்களை மத்தியதரைக் கடலோரம் வரை கொண்டுபோய்ப் பயிரிட்டதில் அரேபியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

12-ம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு ஜுமய் என்றொரு மருத்துவர் இருந்தார். சிலுவைப் போர்களின் மாவீரர் சலாவுதீனுக்கே வைத்தியம் பார்த்தவர். எலுமிச்சையை எப்படிக் குடிக்கலாம், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதற்கென்றே தனியாக ஒரு நூல் எழுதிவைத்தார் மனிதர். அதே கெய்ரோவில், சர்க்கரை சேர்த்த எலுமிச்சைச் சாற்றை பாட்டிலில் அடைத்து வியாபாரமும் செய்திருக்கிறார்கள்.

ஆக, கரையில் இருந்தவனுக்கு சர்பத் ஒரு சுகம். ஆனால், கடலில் போனவனுக்கு அதுதான் உயிர். அந்த விஷயம்தான் யாருக்கும் தெரியவில்லை!

*

ஸ்கர்வி. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் 'ஈறுகளில் ரத்தம் கசியும்' என்று ஒரே வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்போம். நிஜத்தில் அது ஒரு நரகம். முதலில் சோர்வு. கை, கால் எல்லாம் வலி. பிறகு ஈறு வீங்கிக் கறுக்கும். வாய் நாறும். பல் ஆடி விழும். தோலுக்கடியில் ரத்தம் கட்டும். கொடுமையிலும் கொடுமை என்னவென்றால், பல வருடங்களுக்கு முன்னால் ஆறிப்போன பழைய காயம் மறுபடி திறந்துகொள்ளும்! உடம்பின் சதையையும் தோலையும் பிணைத்து வைத்திருக்கிற ஒட்டுப்பசைதான் கொலாஜன். வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பால் அதைச் சரியாகத் தயாரிக்க முடியாது. அதனால், மனிதன் தையல் பிரிந்த துணி மாதிரி பிரிய ஆரம்பித்துவிடுவான்.

ஆடும் மாடும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தாமே உடம்புக்குள் தயாரித்துக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காய், பழத்தில் இருந்துதான் எடுத்தாக வேண்டும். அந்தக் காலக் கப்பல் சாப்பாட்டில் அது ஏது? உப்புக்கண்டம், காய்ந்த ரொட்டி, பட்டாணி... இவ்வளவுதான். கரையை விட்டுக் கிளம்பிச் சில மாதங்களில் ஸ்கர்வி எட்டிப் பார்க்கும்.

1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தாரே வாஸ்கோடகாமா... திரும்பிப் போகும்போது அரபிக் கடலைக் கடக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு பயணத்தில் மட்டும் சுமார் முப்பது பேர் ஸ்கர்விக்குப் பலி. 1499 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மலிந்திக்குப் போய்ச் சேர்ந்ததும் நோயாளிகளுக்காக அவர் ஆள் அனுப்பிக் கேட்டது ஆரஞ்சுப் பழம்!

1740-ல் ஆன்சன் என்ற இங்கிலாந்துத் தளபதி, ஸ்பெயின்காரர்களை ஒரு கை பார்ப்பதற்காக ஆறு போர்க்கப்பல்களோடும் சுமார் 1,900 ஆட்களோடும் கிளம்பினார். உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1744-ல் திரும்பினார். ஸ்பெயின் கப்பலில் பிடித்த வெள்ளிப் பணத்தை லண்டன் வீதிகளில் வண்டி வண்டியாக ஊர்வலம் விட்டார்கள். ஊரே கைதட்டியது. ஆனால், போனவர்களில் 1,300 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. எதிரியின் குண்டுக்கு இரையானவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மற்றவர்களில் பெரும்பாலானவர்களை நோய் கொண்டுபோனது. அதிலும் முதல் எமன், ஸ்கர்வி.

*

மருந்து என்னவென்று அதுவரை யாருக்குமே தெரியாதா?

அதுதான் வயிற்றெரிச்சல். தெரியும்! நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்திலேயே தெரிந்திருக்கிறது.

1601-ல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் நான்கு கப்பல்கள் கிளம்பின. தலைமைக் கப்பலின் பெயர் 'ரெட் டிராகன்'. அதில் மட்டும் எலுமிச்சைச் சாறு பாட்டில்களில் இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு மூன்று ஸ்பூன். ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய்ச் சேரும்போது மற்ற மூன்று கப்பல்களிலும் பாய்மரத்தை இறக்கக்கூட ஆட்களுக்குத் தெம்பு இல்லை. ரெட் டிராகன் ஆட்கள் போய் உதவ வேண்டியிருந்தது. 1617-ல் ஜான் வுடால் என்ற கம்பெனி மருத்துவர், கப்பல் வைத்தியர்களுக்காக எழுதிய கையேட்டில் எலுமிச்சைச் சாற்றைச் சிபாரிசு செய்திருக்கிறார்.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. மறந்துவிட்டார்கள்! ஏனென்றால் அதே கையேட்டிலும் அதே காலத்திலும் இன்னும் பல வைத்தியங்களும் சொல்லப்பட்டன. பத்தோடு பதினொன்றாக எலுமிச்சையும் கிடந்தது. எது வேலை செய்கிறது, எது ஏமாற்று என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டுமே?

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் லிண்ட். ஸ்காட்லாந்துக்காரர். 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் வைத்தியர். 1747 மே 20-ம் தேதி, ஸ்கர்வி நோயாளிகள் பன்னிரண்டு பேரை ஒரே இடத்தில் படுக்க வைத்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகள் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது. ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலச் சொட்டு. ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர் (பாவம்!). ஒரு ஜோடிக்கு பூண்டு, கடுகு எல்லாம் அரைத்த லேகிய உருண்டை. கடைசி ஜோடிக்கு தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை.

ஆறே நாளில் கையிருப்புப் பழம் தீர்ந்துபோனது. ஆனால், அதற்குள் பழம் தின்ற இரண்டு பேரில் ஒருவர் எழுந்து வேலைக்குத் தயாராகிவிட்டார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார். இன்று உலகம் முழுக்க எந்த மருந்தைச் சோதித்தாலும், நோயாளிகளைக் குழுவாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள் இல்லையா... அதற்கெல்லாம் முன்னோடி என்று இந்தப் பன்னிரண்டு பேரைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் கதை சுபம்தானே? ம்ஹூம். இனிமேல்தான் பாட்டியின் கட்டளைகள் வருகின்றன.

*

கட்டளை நம்பர் ஒன்று... சாற்றை அடுப்பில் ஏற்றாதே!

நீண்ட கடல் பயணத்தில் பழம் அழுகிவிடும். சாறு கெட்டுவிடும். என்ன செய்யலாம் என்று லிண்டே யோசித்தார். 1753-ல் அவர் வெளியிட்ட ஸ்கர்வி நூலில் ஒரு செய்முறை கொடுத்தார். வடிகட்டிய சாற்றைப் பாத்திரத்தில் ஊற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான வெந்நீரின் மேல் பல மணி நேரம் வைத்து, குழம்பு மாதிரி சுண்டவைத்து, பாட்டிலில் அடைப்பது. இதற்கு 'ராப்' என்று பெயர். நிறைய பழங்களின் சத்து ஒரு சின்ன பாட்டிலில்! ஐடியா பிரமாதமாகத்தானே இருக்கிறது?

ஆனால், வைட்டமின் சி சூட்டையும் காற்றையும் தாங்காது. புளிப்பு அப்படியே இருந்தது. உயிர் காக்கிற சரக்கில் பெரும்பகுதி ஆவியோடு போச்சு! ஊருக்கு வழிகாட்டிய லிண்டுக்கே அது தெரியவில்லை. ஸ்கர்விக்குக் காரணம் உணவில் ஏதோ ஒன்று குறைவதுதான் என்றும் அவர் நினைக்கவில்லை. ஈரக் காற்றால் வியர்வைத் துவாரங்கள் அடைபடுவதுதான் மூலகாரணம், புளிப்பு அதைத் திறந்துவிடுகிறது என்று நம்பினார்.

கேப்டன் குக் தன் கடற்பயணங்களுக்கு இந்த ராப் பாட்டில்களையும் எடுத்துப் போனார். போகிற கரைகளில் எல்லாம் கீரையும் பச்சைக் காயும் தேடித் தேடிச் சேகரித்துத் தன் ஆட்களைச் சாப்பிட வைத்தவர் அவர். ராப் பற்றி அவர் 1776-ல் கொடுத்த தீர்ப்பு... 'விலை அதிகம், பலன் கம்மி' என்கிற ரகம். குக்கே சொல்லிவிட்டாரே! எலுமிச்சை மறுபடி ஓரங்கட்டப்பட்டது. குற்றம் பழத்தில் இல்லை, அடுப்பில் இருந்தது என்று யோசிக்க ஆள் இல்லை.

*

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

1794 ஏப்ரல் 2. இங்கிலாந்திலிருந்து 'சஃபோக்' என்ற 74 பீரங்கிப் போர்க்கப்பல் கிளம்பியது. பீட்டர் ரெய்னியர் தலைமை. போய்ச் சேர வேண்டிய இடம், மெட்ராஸ்!

இந்தத் தடவை ராப் இல்லை. காய்ச்சாத எலுமிச்சைச் சாறு. தினமும் ஆளுக்கு அவுன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு. ஏறக்குறைய 20 மில்லி. அதோடு இரண்டு அவுன்ஸ் சர்க்கரை. இரண்டையும் தண்ணீர் கலந்த ரம்மில் விட்டுக் கலக்கிக் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லி என்பது ஒரு பழத்தின் சாறு. சர்க்கரை சுமார் 57 கிராம், அதாவது பன்னிரண்டு டீஸ்பூன்! ரம்மை மட்டும் கழித்துவிட்டால், நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே... அதேதான். கொஞ்சம் தித்திப்பு தூக்கலான எலுமிச்சை சர்பத்!

கப்பல் வழியில் எங்கேயும் கரை தொடவில்லை. 23 வாரம், ஒரு நாள். மொத்தம் 162 நாட்கள் சுற்றிலும் தண்ணீர் மட்டும். நடுவில் சிலருக்கு ஸ்கர்வி தலைகாட்டியது. சாற்றின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஓடிப்போச்சு. செப்டம்பர் 11-ம் தேதி மெட்ராஸ் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சியபோது, ஒரு ஆள்கூடச் சாகவில்லை. நோயாளிப் பட்டியலில் வெறும் பதினைந்து பேர்.

அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் கடலிலேயே நிற்கும். நம்ம ஊர் மசூலாப் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களை ஏற்றி வருவார்கள். மாசக்கணக்கில் கடலில் கிடந்த கப்பலிலிருந்து வெள்ளைக்கார மாலுமிகளைத் தூக்கி இறக்கிப் பழகியிருந்த ஊர் அது. சஃபோக்கில் வந்தவர்களோ நடந்து இறங்கக்கூடியவர்கள்!

இந்தச் செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவர். எலுமிச்சைக்காக வருடக்கணக்கில் வாதாடி வந்தவர். கடற்படை நோயாளிகளைக் கவனிக்கும் வாரியத்துக்கு 1795-ல் உறுப்பினரானார். அந்த வருடமே பிரிட்டிஷ் கடற்படையில் எலுமிச்சைச் சாறு வழங்க அனுமதி கிடைத்தது. லிண்ட் சோதனை செய்து 48 வருடம் கழித்து! லிண்ட் முந்தைய வருடமே இறந்துபோயிருந்தார்.

பலன்? லிண்ட் பல காலம் தலைமை வகித்த ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில் 1780-ல் சேர்ந்த ஸ்கர்வி நோயாளிகள் 1,457 பேர். 1806-ல் அது விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிவிட்டது. நெப்போலியனின் துறைமுகங்களை பிரிட்டிஷ் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலிலேயே நின்று முற்றுகை போட முடிந்ததற்குப் பின்னால் பீரங்கி மட்டுமல்ல, சர்பத்தும் இருந்தது.

நமக்கு இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெம்பாக மெட்ராஸ் வந்து இறங்கிய அதே ரெய்னியர், அதே சஃபோக் கப்பலில் மறுவருடமே திருகோணமலைக்குப் போனார். 1795 ஆகஸ்டில் டச்சுக்காரர்களிடமிருந்து அந்தத் துறைமுகத்தை பிரிட்டிஷ் படை பிடித்தது. அடுத்த வருடம் டச்சு இலங்கை முழுவதும் அவர்கள் கையில். ஆசியாவில் பிறந்த பழம், ஆசியாவைப் பிடிக்க வந்தவனைக் காப்பாற்றியிருக்கிறது!

*

கட்டளை நம்பர் இரண்டும் மூன்றும் இனி ஒன்றாகவே வருகின்றன. அதற்கு முன்னால் ஒரு கேள்வி.

ஓட்டலுக்குப் போகிறீர்கள். 'லெமன் ரைஸ்' என்கிறது மெனு கார்டு. பக்கத்து வரியிலேயே 'ஃப்ரெஷ் லைம் சோடா'. இரண்டுக்கும் உள்ளே போய்ப் பிழிவது ஒரே கூடைப் பழம்தான். எது லெமன், எது லைம்?

தமிழில் 'எலுமிச்சை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தாவரவியல்படி, நம் சந்தையில் கிடைக்கிற சின்ன, உருண்டையான, தோல் மெலிசான பழம், லைம். லெமன் என்பது பெரிசாக, தோல் தடிமனாக, இரண்டு முனையும் கூம்பின பழம். மத்தியதரைக் கடல் சரக்கு. பிரிட்டிஷ் கடற்படையைக் காப்பாற்றியது லெமன். இதுவரை நான் எலுமிச்சை என்று பொதுவாகச் சொல்லிவந்தது அதைத்தான்.

ஆனால், அன்றைய இங்கிலீஷ்காரர்களும் நம் மெனு கார்டு மாதிரியே குழப்பினார்கள். லெமன் சாற்றையும் 'லைம் ஜூஸ்' என்றே எழுதினார்கள். இரண்டும் புளிப்பு. புளிப்புதானே மருந்து? எதுவானால் என்ன?

1860-களில் ஒரு மாற்றம் வந்தது. லெமனை சிசிலி மாதிரி அந்நிய ஊர்களிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. லைமோ, மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷ்காரர்களின் சொந்தத் தோட்டங்களிலேயே விளைந்தது. சொந்த முதலாளிக்கே லாபம்! கடற்படை லைமுக்கு மாறியது. 1867-ல் வணிகக் கப்பல்களுக்கும் இந்தச் சாறு வழங்குவது பற்றிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இங்கிலீஷ் மாலுமிகளுக்கு 'லைமி' என்ற கேலிப் பெயரே வந்துவிட்டது.

லைமில் வைட்டமின் சி லெமனைவிடக் குறைவு. அதுகூடப் பரவாயில்லை. பிழிந்த சாற்றைத் தொட்டிகளில் காற்றும் வெளிச்சமும் படத் தெளிய வைத்தார்கள். செம்புக் குழாய் வழியாக ஏற்றி இறக்கினார்கள். பிறகு பீப்பாய்களிலும் பாட்டில்களிலும் மாசக்கணக்கில் கிடப்பு. செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும். பாட்டி களிம்பு என்றார். வேதியியல் அதற்கு வேறு பெயர் சொல்கிறது. விஷயம் என்னவோ, அந்தப் பாத்திரத்தில் புளிப்பை வைக்காதே என்பதுதான்! மாலுமியின் கோப்பையில் வந்து விழுந்தபோது அது வெறும் புளித்தண்ணி.

இது ஏன் உடனே வெளியில் தெரியவில்லை? நீராவிக் கப்பல் வந்துவிட்டது. மாதக்கணக்குப் பயணம் வாரக்கணக்காகச் சுருங்கியது. ஸ்கர்வி வருவதற்குள் கரை வந்துவிடும். மருந்து செத்துப்போனது யாருக்கும் தெரியாமலேயே நோயாளிகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்!

1875-ல் வடதுருவத்தைத் தேடி நேர்ஸ் என்பவர் தலைமையில் கிளம்பிய கடற்படைக் கப்பல்களில்தான் குட்டு உடைந்தது. கப்பலில் தினசரி லைம் ஜூஸ். அப்படியும் பனியில் வண்டி இழுத்துப் போன குழுவினர் ஸ்கர்வியில் சரிந்தார்கள். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு 1876-ல் திரும்பினார்கள். விசாரணை நடந்தது.

இந்த இடத்தில் விஞ்ஞானம் ஒரு பல்டி அடித்தது பாருங்கள்... 'நாம் மாற்றிய பழத்தில் கோளாறோ?' என்று யோசிப்பதற்குப் பதிலாக, 'பழச்சாறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்பதே தப்பு போலிருக்கிறது' என்று பல டாக்டர்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். கெட்டுப்போன டின் இறைச்சியின் விஷம்தான் ஸ்கர்வி என்று புதுக் கோட்பாடு கிளம்பியது. சஃபோக் கப்பல் நிரூபித்ததை, அதன் பேரப்பிள்ளைகள் காலத்தில் தொலைத்துவிட்டார்கள்.

*

அந்தத் தொலைத்தலுக்குத்தான் நம்மவர்கள் விலை கொடுத்தார்கள்.

முதல் உலகப் போர். இன்றைய இராக்கில், டைக்ரிஸ் ஆற்றின் வளைவில் கூட் என்றொரு ஊர். 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஒன்றை துருக்கியர்கள் அங்கே வளைத்துக்கொண்டார்கள். ஜெனரல் டவுன்ஷெண்ட் தலைமையில் இருந்த அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீரத் தீர, குதிரைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள். புத்தம் புது இறைச்சியில் கொஞ்சம் வைட்டமின் சி உண்டு. பெரும்பாலான இந்தியச் சிப்பாய்கள் குதிரை இறைச்சியைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு மிச்சம் இருந்தது மாவும் கொஞ்சம் தானியமும்தான். ஸ்கர்வி அவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. 1916 ஏப்ரல் 29-ம் தேதி கூட் சரணடைந்தபோது, பலரால் நிற்கக்கூட முடியவில்லை.

கூட்டுக்கு வெளியேயும் நிலைமை அதே. 1916-ல் மெசபடோமியப் போர்முனை முழுவதும் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஸ்கர்வியோடு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் போர்முனையில் லைம் ஜூஸ் வழங்கப்பட்டுத்தான் வந்தது. குடித்தும் பிரயோஜனம் இல்லை! வெள்ளைக்காரனைத் தெம்பாக மெட்ராஸில் கொண்டுவந்து இறக்கிய அதே வைத்தியம், நம்மவன் முறை வரும்போது வெறும் லேபிளாக மிஞ்சியிருந்தது.

இதை விசாரிக்க லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்தவர்கள் ஹாரியட் சிக் தலைமையிலான பெண் விஞ்ஞானிகள். இதற்குச் சில வருடங்கள் முன்பு, 1907-ல், ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு நார்வேக்காரர்கள் ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள். கினிப் பன்றிக்கும் நம்மைப் போலவே ஸ்கர்வி வரும்! ஆகவே அதை வைத்துச் சாற்றைச் சோதிக்கலாம். சோதித்தார்கள். 1918-ல் முடிவு வந்தது. புதிதாகப் பிழிந்த லைம் சாற்றின் சக்தி, லெமன் சாற்றில் ஏறக்குறைய கால் பங்கு. பாட்டிலில் அடைத்து வைத்த லைம் ஜூஸ்? கிட்டத்தட்ட பூஜ்யம்!

அதே குழுவின் ஆலிஸ் ஹென்டர்சன் ஸ்மித் பழைய கடற்படை ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து அடுத்த முடிச்சை அவிழ்த்தார். நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்கர்வியை விரட்டியது லைம் இல்லை, லெமன். இடையில் பழம் மாறியது. பெயர்க் குழப்பத்தில் யாரும் கவனிக்கவில்லை!

சரி, பாலைவனத்தில் பழத்துக்கு எங்கே போவது? அதற்கும் அந்தப் பெண்கள் ஒரு வழி சொன்னார்கள். காய்ந்த பயறில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி கிடையாது. அதையே தண்ணீரில் ஊறவைத்து முளைகட்ட விட்டால் அந்தச் சக்தி பிறக்கிறது என்று நிரூபித்தார்கள். இந்தியச் சிப்பாயின் ரேஷன் மூட்டையிலேயே பருப்பும் பயறும் இருந்தன. பக்கத்தில் தண்ணீர் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது.

1747-லிருந்து 1918. நான் ஆரம்பத்தில் சொன்ன 171 வருடக் கணக்கு இதுதான். பிறகு ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி அந்த மர்மப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்ததும், அது வைட்டமின் சி-தான் என்று 1932-ல் உறுதியானதும், 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் தனிக் கதை. அவர் அதை மூட்டைக்கணக்கில் தயாரிக்கப் பயன்படுத்தியது எலுமிச்சைகூட இல்லை, அவர் ஊர் மிளகாய்!

*

இதைப் படித்துவிட்டு எலுமிச்சைதான் சத்தில் ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். தெருமுனையில் விற்கும் கொய்யாவிலும், மலை நெல்லிக்காயிலும் அதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. எலுமிச்சையின் பெருமை வேறு. தினமும் ஒரு பழம், அதுவும் பச்சையாக, அப்போதே பிழிந்தது... அந்தச் சின்ன அளவே ஒரு கப்பலைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது.

நம் பாட்டிக்கு வைட்டமின் தெரியாது. லிண்டைத் தெரியாது. கசக்கும், களிம்பேறும், நிறம் மாறும் என்று நாக்கையும் கண்ணையும் நம்பி மூன்று கட்டளை போட்டார். அந்தப் பக்கம் படித்த மனிதர்கள், லாபத்தையும் கோட்பாட்டையும் நம்பி, கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மறந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் சரக்கும் அதேதான் என்று நினைத்தார்கள். பாட்டில் மேல் 'லைம் ஜூஸ்' என்று ஒட்டியிருந்ததை நம்பிக் குடித்த சிப்பாய்க்கு, ஊரில் அவன் வீட்டுக் கொல்லையில் காய்த்துத் தொங்கியிருக்கக்கூடிய பழம் மட்டும் கிடைக்கவில்லை.

அடடா... என்ன, இன்னும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள்? மூன்றாவது கட்டளை என்ன?

குடிங்க முதலில்!